வீட்டில் கற்கும் குழந்தைக்கும் ஊரில் வேலை உண்டு

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச நாளாகவும், டிசம்பர் 5 தன்னார்வலர்களுக்கான சர்வதேச நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. முதல் நாளில் மேடை அமைத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உபகரணங்களும் பரிசுகளும் வழங்கப்படுகின்றன. இரண்டு நாள் கழித்து, ஊருக்கு உழைத்த இளைஞர்களுக்குச் சால்வை போர்த்தப்படுகிறது. இந்த இரண்டு மேடைகளிலும் ஒரே குழந்தை ஏறுவது அரிது. ஐ.நா. பொதுச் சபை 2026-ஆம் ஆண்டைச் சர்வதேசத் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்துள்ள நிலையில், பள்ளி வளாகத்துக்குள் வராமல் வீட்டிலிருந்தே கற்கும் குழந்தைகள், அதிலும் உடலாலும் புலன்களாலும் அறிவு வளர்ச்சியாலும் வெவ்வேறு நிலைகளில் உள்ளவர்கள், ஊர்ப்பணியில் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தமிழ்நாடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டில் கற்கும் குழந்தைகள் இரு வகையினர். தங்கள் விருப்பத்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாங்களே கற்பித்து, பின்னர் 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வுகளை எழுதச் செய்யும் பெற்றோரின் குழந்தைகள் முதல் வகை. இவர்கள் பெரும்பாலும் நகரங்களில் வாழும் நடுத்தர வர்க்கத்தினர். இரண்டாம் வகையினர் கடுமையான குறைபாட்டால் அன்றாடம் பள்ளிக்கு வர இயலாதவர்கள்.

இந்த இரண்டாம் வகையினருக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், கடுமையான குறைபாடோ ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோ உள்ள குழந்தைகள் இல்லம் சார்ந்த கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. அதன்படி குழந்தையின் பெயர் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து பாடமும், பல் துலக்குதல், உடுத்துதல், உண்ணுதல் போன்ற அன்றாட வாழ்வியல் திறன்களும் கற்பிப்பார். இயன்முறை மருத்துவர் தசைப் பயிற்சி அளிப்பார்.

விருப்பத்தால் வீட்டில் இருப்பவர்களையும் வேறு வழியின்றி வீட்டில் இருப்பவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியா என்று கேட்கலாம். வசதியிலும் வாய்ப்பிலும் இரு வகையினருக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது என்பது உண்மையே. ஆயினும் இவர்களுக்குப் பொதுவான ஒரு குறை இருக்கிறது: இருவருக்குமே வகுப்பறை இல்லை, அந்த வகுப்பறை வழியாக மட்டுமே கிடைக்கக்கூடிய எதுவும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பள்ளி வாசலில் முடியும் பாதை

கிடைக்காதவற்றில் முதன்மையானது பொதுப்பணி அனுபவம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்த நாட்டு நலப்பணித் திட்டமானாலும், 1948 முதல் இயங்கும் தேசிய மாணவர் படையானாலும், இளம் செஞ்சிலுவைச் சங்கமானாலும், பெரும்பாலான சாரணர் குழுக்களானாலும், அவற்றில் சேர ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவராக இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகம் பெயரை எடுத்துக்கொடுக்கும். பொறுப்பாசிரியர் அழைத்துச் செல்வார். முகாம் முடிந்ததும் சான்றிதழ் வரும்.

2023 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய மை பாரத் தளம் இளைஞர்களைத் தன்னார்வப் பணிகளுடன் இணைக்கிறது. ஆனால் அது 15 வயது முதல் 29 வயது வரையிலானவர்களுக்கானது. பதினைந்து வயது வரை வீட்டுக்கு வெளியே யாருடனும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து பழகாத குழந்தை, அந்த வயது நிறைந்த மறுநாள் இணையத்தில் பெயரைப் பதிந்து களத்துக்கு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

இல்லம் சார்ந்த கல்வி பெறும் குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களது பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருப்பதால் தாளளவில் அவர்கள் மாணவர்கள். ஆனால் பள்ளி மரம் நடும்போதும், ஊர்க் குளத்தைச் சுற்றிக் குப்பை அகற்றும்போதும், வெள்ள நிவாரணத்துக்கு அரிசி திரட்டும்போதும் அந்தப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை.

எப்போதும் பெறுபவராகவே

இதனால் என்ன குறைந்துவிடும் என்று எண்ணக்கூடும். கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கிடைப்பதே பெரும் போராட்டமாக இருக்கையில், அக்குழந்தை ஊருக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது தேவையற்ற ஆசையாகவும் தோன்றலாம்.

ஆனால் இக்குழந்தைகளைத் தமிழ்ச் சமூகம் எந்தச் சூழலில் சந்திக்கிறது என்று பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சிறப்புக் குழந்தைகளின் இல்லத்துக்கு மதிய உணவு வழங்குவது இன்று ஊர்தோறும் பரவியுள்ள வழக்கம். உணவுக்கு முன் குழந்தைகள் வரிசையாக அமர்த்தப்படுகிறார்கள்; கொடுப்பவரின் பெயர் சொல்லி வாழ்த்துப் பாடுகிறார்கள்; படம் எடுக்கப்படுகிறது; அது அன்று மாலையே வாட்ஸ்அப் நிலைத்தகவலாக வருகிறது. நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான். எனினும் அந்தக் குழந்தை கையேந்துபவராக மட்டுமே ஊராரின் கண்ணில் பதிகிறது, தன் கண்ணிலும் அப்படியே பதிகிறது.

இதைவிடக் கடுமையான விளைவு 18 வயதில் வருகிறது. பள்ளிக் கல்விக்கான உதவிகள் அந்த வயதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. சிறப்பாசிரியரின் வருகை நிற்கிறது. அதுவரை வாரந்தோறும் வீட்டுக்கு வந்த ஒரே வெளியாளும் வராமல் போனபின், வயது வந்த அந்த மனிதருக்குத் தெருவில் பெயர் சொல்லி அழைக்க ஒருவர்கூட இருப்பதில்லை. பெற்றோருக்கு வயதாகும்போது யார் எட்டிப் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அரசுத் திட்டங்களால் ஓரளவுக்குத்தான் விடையளிக்க முடியும். நூலகரும் கடைக்காரரும் கோயில் குருக்களும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் அறிந்த முகமாக இருப்பது அதற்கு மேலான காப்பு. அந்த அறிமுகத்தைச் சேர்ந்து வேலை செய்வதுபோல் வேறெதுவும் உண்டாக்குவதில்லை.

விருப்பத்தால் வீட்டில் கற்கும் குழந்தைக்கு இழப்பு வேறு விதமானது. பாடத்தில் முந்தியிருக்கும் பல குழந்தைகள் தங்கள் பெற்றோர் தேர்ந்தெடுத்த வட்டத்துக்குள்ளேயே வளர்கிறார்கள். தங்களைவிட மெதுவாகப் பேசுபவரோடு, தங்களுக்குப் புரியாத விதத்தில் கோபப்படுபவரோடு, தங்களைவிட வறிய வீட்டிலிருந்து வருபவரோடு ஒரு வேலையை முடிக்கும் பழக்கம், எவ்வளவு சிறந்த பாடத்திட்டம் இருந்தாலும் வீட்டுக் கூடத்தில் வராது.

வேலையைப் பகுத்தால் எல்லோருக்கும் பங்கு

சிறப்புக் கல்வியில் ‘செயலைப் பகுத்தல்’ என்று ஒரு முறை உண்டு. ஒரு வேலையை அதன் மிகச் சிறிய படிகளாகப் பிரித்து, எந்தப் படியை எந்தக் குழந்தை செய்ய இயலும் என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கற்பிப்பதே அது. சட்டைப் பொத்தானைப் போடக் கற்பிக்கப் பயன்படும் இந்த முறை, ஊர்ப்பணிக்கும் அப்படியே பொருந்தும்.

கிளை நூலகத்தை எடுத்துக்கொள்ளலாம். 1948-இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய தமிழ்நாட்டில் இன்று 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன; அவற்றில் பலவற்றில் ஒரே பணியாளர்தான். புதிதாக வந்த ஒரு கட்டுப் புத்தகங்கள் வாசகர் கைக்குப் போகுமுன் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்த வேண்டும்; பதிவேட்டில் எண் ஏற்ற வேண்டும்; முதுகில் எண் ஒட்ட வேண்டும்; கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும்; பின்னர் அடுக்கில் உரிய இடத்தில் வைக்க வேண்டும்.

இதில் எண்களை விரைவாகப் படிக்கும் குழந்தை பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்குச் சீட்டு ஒட்டுவதில் எந்தத் தடையும் இல்லை. மூளை முடக்குவாதத்தால் விரல்கள் இறுகிய குழந்தை, முத்திரையின் மெல்லிய கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கி, புத்தகம் நழுவாமல் அடியில் ஈரத்துணி விரித்துக் கொடுத்தால், உள்ளங்கையால் அழுத்திக் குத்திவிடும். முத்திரை சற்றுக் கோணலாக விழும். அதனால் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. பேச்சு வராத குழந்தை முடிந்த புத்தகங்களைப் பத்துப் பத்தாக எண்ணி நகர்த்தலாம்.

தமிழகத்தில் செயல்படும் நூலக நண்பர்கள் திட்டம் இங்கே கவனத்துக்கு உரியது. நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்குத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டு செல்லும் இத்திட்டத்தில் மாற்றுத்திறனாளி பயனாளியாகக் கருதப்படுகிறாரே தவிர, நண்பராகக் கருதப்படுவது அபூர்வம். சக்கர நாற்காலியில் மடியில் புத்தகப் பையோடு அடுத்த தெருப் பாட்டியின் வீட்டுக்குச் செல்லும் சிறுமியும் இத்திட்டத்தின் நண்பராக ஏன் இருக்கக் கூடாது?

அப்பர் வழியில்

தன்னார்வத் தொண்டு என்பது இம்மண்ணுக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் கையில் ஏந்திய, புல் செதுக்கும் கருவியான உழவாரத்தின் பெயராலேயே இன்றும் பல ஊர்களில் உழவாரப்பணிக் குழுக்கள் இயங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி, பிராகாரத்தில் முளைத்த புல்லை அகற்றி, தூண்களைக் கழுவி, விளக்குகளைத் துலக்கி மாலையில் கலையும் இக்குழுக்களில் குடும்பம் குடும்பமாக வருவதே வழக்கம்; பள்ளி அடையாள அட்டையை யாரும் கேட்பதில்லை.

விளக்குத் துலக்குவதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கரிந்த திரியை எடுத்து, எஞ்சிய எண்ணெயை வடித்து, பிசுக்கு இளக வெந்நீரில் ஊறவைத்து, புளி தேய்த்து, அலசி, விபூதியோ சாம்பலோ இட்டுத் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதில் நிம்மதி காணும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர்; கறுத்த பித்தளை தேய்க்கத் தேய்க்க மஞ்சளாவது, சொல்லி விளக்கத் தேவையில்லாத பலன். புளியின் பிசுபிசுப்பு சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தொடுவுணர்வாக இருக்கலாம். அவர்களுக்கு உலர்ந்த துணியால் மெருகேற்றும் கடைசிப் படி பொருந்தும். உயரமான நிலைப்படிகளைத் தாண்ட முடியாத குழந்தைக்காக, விளக்குகளை வெளி மண்டபத்துக்குக் கொண்டுவருவது நான்கு பேருக்கு இரண்டு நிமிட வேலை.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியைத் தூக்குகளில் ஊற்றிக் கொடுக்கும் மாலை நேரத்துக்கும், தேவாலயங்களில் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர்களுக்குத் தண்ணீர் வழங்கும் பணிக்கும் இதே பகுப்பு ஏற்றதே.

வீட்டு வாசலிலிருந்தே

வெளியே வருவதே இயலாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஒரு நல்ல வாய்ப்பு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் நடத்தும் இக்கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்த பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து ‘இ-பேர்ட்’ என்னும் இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும். வீட்டுத் திண்ணையும் மொட்டை மாடியும் போதும்.

குரலைக் கேட்டு இனங்கண்ட பறவையையும் இதில் சேர்க்கலாம் என்பதால், பார்வையற்ற குழந்தை இங்கே பின்தங்குவதில்லை. செம்போத்தின் ஆழ்ந்த குரலையும், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் இரைச்சலையும், குக்குறுவானின் விடாத ஒற்றைச் சீரையும் பிரித்தறியும் காது, இலைமறைவில் பறவையைத் தேடிக்கொண்டிருக்கும் கண்ணைவிட வேகமானது. பதிவேற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டில் கற்கும் இன்னொரு பிள்ளை ஏற்கலாம். இவ்வாறு சேரும் தரவுகள் பறவைகளின் பரவலை ஆராய்பவர்களுக்குப் பயன்படுகின்றன; இது பொழுதுபோக்குக்காகத் தரப்படும் பாவனை வேலை அல்ல.

தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. படுக்கையில் இருந்தபடி, தன் வேகத்தில், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தாலும் அது கணக்கில் சேரும்.

கவனிக்க வேண்டியவை

இத்தகைய முயற்சிகளில் மிக எளிதாக நேரும் பிழை, குழந்தைகளை ‘உதவுபவர்’, ‘உதவி பெறுபவர்’ என்று ஜோடி சேர்ப்பது. குறைபாடற்ற குழந்தைக்குப் பெருந்தன்மைப் பட்டமும் மற்றவருக்கு நன்றிக் கடனும் மிஞ்சும். பிறந்தநாள் சாப்பாட்டுக் கதையே வேறு உருவில் திரும்பும். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, அது முடியாவிட்டால் அடுத்தவர் வேலை நின்றுவிடும் என்ற அமைப்பே சரியானது.

வேலையும் உண்மையானதாக இருக்க வேண்டும். குழந்தைகள் போனபின் பெரியவர்கள் மறைவாகத் திருத்திச் செய்யும் வேலை, குழந்தைக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

தொண்டு உழைப்புச் சுரண்டலாக மாறும் ஆபத்தும் உண்டு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிறையாதவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்துவது, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. ஊதியம் பெறும் ஆள் செய்ய வேண்டிய வேலையைக் குழந்தைகள் தலையில் கட்டும் நிறுவனம், அதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தாலும் அது தொண்டாகாது. நூலகத்தில் குழந்தைகள் முத்திரை குத்துவது, காலியாக உள்ள பணியிடத்தை நிரப்பாமல் விட அரசுக்குச் சாக்காகக் கூடாது.

பாதுகாப்பில் சமரசத்துக்கு இடமில்லை. பேச இயலாத குழந்தை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது என்பதைத் தவறானவர்கள் நன்கு அறிவார்கள். எந்தக் குழந்தையும் ஒரே பெரியவருடன் தனியாக விடப்படக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றிய அடிப்படைப் பயிற்சி, பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளுக்கு முன்பே தரப்பட வேண்டும். குழந்தைகளின் படங்களைச் சமூக ஊடகங்களில் இடுவதில்லை என்ற உறுதியும் அதோடு சேர வேண்டும்.

மற்றொரு மறுப்பு கொள்கை சார்ந்தது. இல்லம் சார்ந்த கல்வியே, குறைபாடுள்ள குழந்தையைச் சேர்க்க மறுக்கும் பள்ளிகளுக்கு வசதியான ஒதுக்குப்புறமாகிவிட்டது என்று மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தினர் பலர் கூறுவதில் நியாயம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எல்லோரும் ஒன்றாகக் கற்கும் உள்ளடக்கிய கல்வியையே வலியுறுத்துகிறது. எனவே ஊர்ப்பணி பள்ளிக்கு மாற்றாகாது. நூலகத்துக்கு வரும் குழந்தையால் ஏன் பள்ளிக்கும் வர முடியாது என்று ஊரைக் கேட்க வைக்குமானால், அதுவே இம்முயற்சியின் பெரிய பயனாக இருக்கும்.

செய்யக் கூடியவை

முதல் மாற்றம் ஒரு சுற்றறிக்கை அளவிலேயே சாத்தியம். இல்லம் சார்ந்த கல்வி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் சிறப்பாசிரியர் தயாரிக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது அக்குழந்தை ஓராண்டில் எட்ட வேண்டிய இலக்குகளின் பட்டியலில், வீட்டுக்கு வெளியே செய்யும் ஒரு பொதுப்பணி கட்டாயமாக இடம்பெறலாம். கரண்டி பிடிக்கப் பழக்கும் அதே மணி நேரத்தில் முத்திரை பிடிக்கவும் பழக்கலாம். விரல்களுக்கு இரண்டும் ஒரே பயிற்சிதான்.

பெயர் பதிவாகியுள்ள பள்ளி, தன் நலப்பணி நாட்களில் இக்குழந்தைகளையும் அழைக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைக்கலாம். பனை விதை நடும் நாளில் குழி தோண்டுவது மட்டுமே வேலையல்ல; விதைகளை எண்ணி மூட்டை கட்டுவதும், குழிக்கு ஒன்றாகப் போடுவதும், நட்ட இடத்தில் குச்சி ஊன்றுவதும் வேலைதான். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிக்கும் பிள்ளைகளையும் அதே நாளில் சேர்த்துக்கொண்டால், இரு வகையினரும் சந்திக்க வேறு ஏற்பாடு தேவைப்படாது.

நூலகங்களில் ஏற்கெனவே உள்ள வாசகர் வட்டங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையின் காலை இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். இரண்டு மணி நேரம் என்பது பெரும்பாலும் கழிப்பறையைப் பொறுத்த கணக்கு: சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை இல்லாத கட்டடத்தில் தாய் தன் பிள்ளையை அதற்குமேல் வைத்திருக்கத் துணிய மாட்டார். ஆகவே எந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் கழிப்பறையையும் சாய்தளத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் துணைக்கும் கட்டணம் இல்லை என்றாலும், படியேற முடியாத குழந்தைக்கு அச்சலுகையால் பயனில்லை. உள்ளாட்சி அமைப்பு அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆட்டோ வாடகையை ஏற்பது பெருஞ்செலவாகாது.

பெற்றோர் தரப்பில் தேவைப்படுவது சிறு தொடக்கம். முதல் மூன்று, நான்கு முறை குழந்தை இடத்தைப் பார்த்துப் பழகுவதற்கே போகும். அன்று நடக்கப்போவதைப் படங்களாக வரிசைப்படுத்தி முன்கூட்டியே காட்டுவதும், இரைச்சல் தாங்காத பிள்ளைக்குக் காதடைப்பான் எடுத்துச் செல்வதும், பதினைந்து நிமிடத்தில் வீடு திரும்ப நேர்ந்தால் அதைத் தோல்வியாக எண்ணாதிருப்பதும் உதவும்.

பள்ளிச் சான்றிதழ் இல்லாத இப்பிள்ளைகளுக்கு, செய்த பணியும் நாளும் குறித்து நூலகரோ ஊராட்சித் தலைவரோ கையொப்பமிடும் ஒரு பணிப் பதிவேடு பின்னாளில் வேலைக்கும் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கையில் ஆதாரமாகும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 அன்று கூடும் சபையில், அவ்வாண்டு ஊருக்குப் பணி செய்தவர்களின் பட்டியலைப் பதிவேட்டின்படி வாசிக்கலாம். யாருக்கு என்ன குறைபாடு என்று அதில் சொல்லத் தேவையில்லை. பெயரும் செய்த வேலையும் போதும்.